பிரித்துப் பார்த்த சரக்கு

மேடிசன்
4 செப்டம்பர் 1994

அன்புள்ள அத்தான்,

நலம். நீங்கள் நலமா, அத்தை நலமா என்று கேட்டால் "எல்லோரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. கடையில் சுமதி சில்க்ஸ் என்ற பலகைக்கு மேல் குருவி கூடு கட்டியிருந்ததே, அது இருக்கிறதா என்றாவது எழுதுங்கள்.

முக்கியமான விஷயம். ஆழ்வார்பேட்டையில் சந்திரமௌலி என்று ஒரு பெரியவர். இங்கே அமெரிக்காவில் மகனைப் பார்க்க வந்தவர், அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தனுப்புகிறேன். உள்ளே சுண்டு விரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். அதை வாங்கி, அடையாறில் என் பழைய லேபில் ஜெயபாரதி அம்மாவிடம் சேர்க்க வேண்டும். வழியில் தங்க நேர்ந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

குப்பியில் என்ன என்று கேட்பீர்கள். போன வருஷம் முழுக்க நான் மாரடித்தது அதற்காகத்தான். மனித உடம்பில் நரம்புக்கு "வளர்" என்று சேதி சொல்லும் ஒரு புரதம். மனிதனிடமிருந்து எடுப்பதில்லை. அதைச் செய்யும் மரபணுவை மட்டும் ஒரு பூச்சியின் உயிரணுக்களுக்குள் வைத்தால், அவை நமக்காக உட்கார்ந்து செய்து கொடுக்கின்றன. சிரிக்காதீர்கள், நிஜம்தான். இது மருந்தில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும். அத்தையின் மரத்துப் போன காலில் தடவி வைத்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோயில் செத்துப் போகும் நரம்பைப் பற்றி ஜெயபாரதி அம்மா ஒரு பெரிய திட்டம் போட்டிருக்கிறார். இந்தப் புரதம் அங்கே வேலை செய்கிறது என்று ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் டெல்லிக்காரர்களுக்குக் காட்டினால் பணம் வரும். பணம் வந்தால் அதில் எனக்கு ஒரு வேலை உண்டு. நான் ஊருக்கு வந்து, வேலையையும் விடாமல், உங்களோடு இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இந்தக் குப்பி.

இங்கே இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. எல்லோரும் அழகு என்கிறார்கள். எனக்கு உங்களிடம் காட்ட முடியவில்லையே என்று எரிச்சலாக இருக்கிறது.

அன்புடன்,
மதி

கே.கே. நகர்
25 செப்டம்பர் 1994

அன்புள்ள மதிக்கு,

குருவி இருக்கிறது. மகேஷ் கூட்டைக் கலைக்கப் போனான், "அண்ணி வந்து கேட்டா நீ பதில் சொல்லு" என்றேன். ஏணியை மடக்கி வைத்துவிட்டான்.

தீபாவளிச் சரக்கு இறங்குகிறது. காஞ்சிபுரம், ஆரணி, சூரத் என்று லாரி மேல் லாரி. ரங்கநாதன் தெருவில் நடந்தால் என் செருப்பில் அடுத்தவன் கால் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஒரு நாள் ஆழ்வார்பேட்டை போனேன்.

சந்திரமௌலி தங்கமான மனிதர். காப்பி குடிக்காமல் விடவில்லை. "உங்காத்துக்காரி ஜில்லுனு வெச்சுக்கணும்னு பத்து தடவை சொன்னா. எங்காத்துல ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல வெச்சிண்டிருக்கோம். மனுஷா சமாசாரம்னு லேபிள்ல போட்டிருக்கே, தீட்டு இல்லையோன்னு இவ கேட்டா. நான் எல்லாம் சயின்ஸ்டி, பேசாம இருன்னுட்டேன்" என்றார். உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் புகழ்ந்தார். நீ அவர் வீட்டாருக்கு ரசம் வைத்துக் கொடுத்தாயாமே. எனக்குக் கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் உன்னை இந்த மாதம் பார்த்திருக்கிறார். நான் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

குப்பி விஷயத்தை என்னிடம் விட்டுவிடு, கவலைப்படாதே. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அதை நீயே உன் கையால் கட்டினாயா, இல்லை வேறு யாராவதா? உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் நம்பக்கூடியவர்கள்தானா? சும்மாதான் கேட்கிறேன்.

போனில் பேசலாம் என்று நீ சொல்வது சரி. ஆனால் கடைப் போன் மணி அடித்தால் பில் போடும் பெண்கள் வரை காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்" என்பதற்கு அமெரிக்கா வரை எதற்குக் கம்பி? இதில் எழுதினால் நான் மட்டும் படிப்பேன், நீ மட்டும் படிப்பாய்.

அன்புடன்,
கனகராஜ்

மேடிசன்
10 அக்டோபர் 1994

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கவலை. நேற்று ஜெயபாரதி அம்மாவிடமிருந்தும் தபால். குப்பி இன்னும் வந்து சேரவில்லையாம். குஞ்சின் நரம்பை எடுத்துச் சோதிக்க அடைகாக்க வைத்த கோழி முட்டைகள் தயாராகி, வீணாகி, மறுபடி வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

கே.கே. நகரிலிருந்து அடையாறு என்ன அண்டார்டிகாவா? தீபாவளி நேரம், கூட்டம், எல்லாம் தெரியும். நானும் அந்தக் கடைக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். ஒரு ஆட்டோ பிடித்து ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டு வர முடியாதா? உங்களால் முடியாவிட்டால் மகேஷிடம் கொடுத்தனுப்பியிருக்கலாமே.

யார் கட்டினார்கள் என்று ஏன் கேட்டீர்கள்? நானேதான் கட்டினேன். மூடியைத் திருகியது, முத்திரை ஒட்டியது, பெட்டியில் பஞ்சு வைத்தது எல்லாம் நான்தான். பெட்டியை மூடும்போது இது என் வீட்டுக்காரர் கைக்குப் போகப் போகிறது என்று நினைத்து உள்ளே ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். கோபத்தில் எழுதிவிட்டேன்.

குப்பி எங்கே, அத்தான்?

மதி

தியாகராய நகர்
கடையிலிருந்து
28 அக்டோபர் 1994

அன்புள்ள மதிக்கு,

நீ கேட்டுவிட்டாய். இனி மறைத்துப் பயனில்லை. உன் மனசு நோகக் கூடாதென்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன்.

உனக்குத் தெரியும், நம் கடையில் எந்தச் சரக்கும் பிரித்துப் பார்க்காமல் கை மாறாது. அப்பா காலத்து வழக்கம். கட்டு கட்டாக இறங்கினாலும் முதல் கட்டை விரித்து, முந்தானை வரை பார்த்து, அப்புறம்தான் அடுத்த கடைக்கு அனுப்புவோம். நாம் கொடுத்த சரக்கில் குறை என்று ஒருவன் சொல்லிவிட்டால் அது நமக்குத்தானே இழுக்கு? ஆழ்வார்பேட்டையிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, கத்தரியால் முத்திரையை நறுக்கி, மூடியைத் திறந்தேன்.

மதி, உள்ளே ஒன்றுமே இல்லை.

டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினேன். மகேஷும் பார்த்தான். ஒருவேளை அடியில் ஒட்டியிருக்குமோ என்று சட்டைத் துணி ஒன்றின் நுனியை முறுக்கி, உள்ளே விட்டுத் துடைத்து எடுத்தேன். துணி போனபடியே வந்தது. ஒரு தூசி கிடையாது.

யாரோ உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் அவசரத்தில் நீயே மாற்றி எடுத்து வைத்துவிட்டாய். வருஷக் கணக்கில் உழைத்துவிட்டுக் காலிக் குப்பியை அனுப்பினாள் என்று உன் டீச்சரம்மா முன்னால் உனக்குத் தலைகுனிவு வரலாமா? அதனால்தான் நான் அடையாறு பக்கமே போகவில்லை. வழியில் தொலைத்துவிட்டேன், மறந்துவிட்டேன், என்ன பழி வேண்டுமானாலும் என் மேல் போடு. நான் தாங்கிக்கொள்கிறேன். உன் பெயர் கெடக் கூடாது.

பாட்டில் நல்ல கண்ணாடி என்று அம்மா கழுவி, செந்தூரம் போட்டுச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

தீபாவளிக்கு உனக்கென்று ஒரு மயில் கழுத்துப் பச்சையை எடுத்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்டால் விற்றுவிட்டது என்கிறேன்.

அன்புடன்,
கனகராஜ்

மேடிசன்
12 நவம்பர் 1994

அத்தான்,

அது காலியில்லை.

உறையவைத்து உலர்த்தினால் அந்தப் புரதம் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். என் கண்ணுக்கும் தெரியாது, உங்கள் கண்ணுக்கும் தெரியாது. உரிய நீரை விட்டால் கரையும். உப்பில் ஒரு கல்லைக்கூட ஆயிரம் பங்கு போட வேண்டும், அவ்வளவு கொஞ்சம். அந்தக் கொஞ்சம் போதும், தட்டுத் தட்டாக நரம்பை வளர்க்க. அதைத்தான் நீங்கள் சட்டைத் துணியால் துடைத்தெடுத்தீர்கள். மிச்சத்தை அத்தை கழுவி ஊற்றினார்கள்.

ஜெயபாரதி அம்மாவிடம் தந்திருந்தால் ஒரு நொடி பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையா? எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். நான் முட்டாள்தனமாகக் காலிக் குப்பி அனுப்புவேன் என்பதுதான் உங்களுக்கு முதலில் தோன்றியிருக்கிறது.

திட்டம் அவ்வளவுதான். இங்கே என் பாஸ் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். காகிதம் மேஜை மேல் இருக்கிறது. ஜனவரி கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

புடவையை விற்றுவிடுங்கள்.

மதுமதி

கே.கே. நகர்
4 டிசம்பர் 1994

மதி,

உன் கடிதத்தை வாங்கிய அன்று சாப்பிடவில்லை. அம்மா அந்தச் செந்தூரக் குப்பியை இரண்டு கையாலும் எடுத்து வந்து, "ஏல கனகு, தெரியாமச் செஞ்சுட்டேம்ல. அவ ஒரு வருச ஒழப்ப நான் சாக்கடையில கொட்டிருக்கேன்" என்று அழுதாள். கழுவினவள் அவள், பிரித்தவன் நான். யார் யாரைத் தேற்றுவது?

மறுநாள் அடையாறு போனேன். மழை பெய்து தெருவெல்லாம் குளம். ஆட்டோக்காரர், "இன்னா சார், இந்தத் தண்ணில அடையாறுக்கா? போட்ல போக வேண்டியதுதானே" என்றார். எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தார். ஜெயபாரதி அம்மா முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். "எங்க பசங்களே முதல் வருஷம் காலின்னு தூக்கிப் போட்டிருக்காங்க கனகராஜ், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

அப்புறம் என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். எலியிடமிருந்து எடுத்த பழைய புரதம் கொஞ்சம் இருந்ததாம். இரண்டு தட்டு. இரண்டிலும் கோழிக் குஞ்சின் நரம்பு முடிச்சு. சேதி கிடைக்காத தட்டில் அது வெறும் மிளகு மாதிரி சுருங்கிக் கிடந்தது. கிடைத்த தட்டில் சுற்றிலும் இழை இழையாக நீண்டிருந்தது, துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து நிற்குமே அப்படி. "சேதி வரலேன்னா சும்மா இருக்காது, செத்துப் போயிடும்" என்றார். நீ இத்தனை வருஷம் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நம் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து ஒரு நாளாவது உன்னோடு வந்து பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது அவர் சொன்னதைத்தான் இந்தப் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். டெல்லிக்காரர்கள் வருவது மார்ச்சில்தானாம். திட்டம் போய்விடவில்லையாம். "மதுமதிகிட்ட டஜன் கணக்குல குப்பி இருக்குமே. கூரியர்ல போட்டா ஒரு வாரம். அனுப்பச் சொல்லி ரெண்டு தடவை எழுதினேன், பதிலே இல்லை. உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

நான் செய்தது மடத்தனம். அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மதி, நான் கெடுத்தது ஒரு குப்பியை. மீதிக் குப்பிகளை ஏன் நீ அனுப்பவில்லை?

கனகராஜ்

மேடிசன்
22 டிசம்பர் 1994

அன்புள்ள அத்தான்,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் ஒட்டிப் போட்டுவிடப் போகிறேன்.

குப்பி போய்விட்டது என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அது பொய்யில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது ஒரு நிம்மதி வந்தது. இனி நான் முடிவு செய்ய வேண்டியதில்லை, பழி அத்தான் மேல் விழுந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். பயத்தில் உங்களை இன்னும் இரண்டு வரி சேர்த்துத் திட்டினேன்.

நான் அங்கே வரப் பயப்படுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தத் தீபாவளி உங்களுக்கு நினைவிருக்காது. லேபில் என் உயிரணுக்களுக்கு அன்று நீர் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் செத்துவிடும். கடையில் ஆள் போதவில்லை என்று அத்தை கூப்பிட்டார்கள். வந்து பில் போட உட்கார்ந்தேன். நாலு மணிக்கு "நான் போகணும் அத்தை" என்றேன். "கோழிக்குஞ்சு தானட்டி, இன்னொண்ணு வாங்கிக்கோ" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் எனக்குப் பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அத்தை மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. என் அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள், மனசில் ஒன்றும் கிடையாது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "அவள் போகட்டும்மா." அவ்வளவு போதும். அந்த வார்த்தை அன்றும் வரவில்லை, அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. பிறகு மேடிசன் வந்தது. வந்துவிட்டேன்.

இங்கே நான் நாலு மணிக்குப் போக வேண்டும் என்றால் யாரும் சிரிப்பதில்லை. அது பெரிய சுகம், அத்தான். ஆனால் யாருடைய சட்டையிலும் புதுத்துணிக் கஞ்சி வாசனை வருவதில்லை. நீங்கள் அனுப்பும் கடிதத்தில் லேசாக வருகிறது. படித்து முடித்தபின் மடித்து முகத்தில் வைத்துக்கொள்கிறேன். இப்படி ஒருத்தி உங்களைப் பிரிந்து இருக்கவும் விரும்பினாள் என்றால் நம்புவீர்களா? எனக்கே நம்ப முடியவில்லை.

இன்று காலை ஜெயபாரதி அம்மாவுக்கு நேராகக் கூரியரில் மூன்று குப்பி அனுப்பிவிட்டேன். அந்த வேலை நடக்க வேண்டும், அதைத் தடுத்தது என் தப்பு. ஆனால் அதற்கும் நான் வருவதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். காகிதம் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது.

எனக்கு உங்களிடம் வர ஆசை. அந்த வீட்டுக்கு வரத்தான் தெம்பில்லை.

மதி

தியாகராய நகர்
18 ஜனவரி 1995

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதத்தைப் பனகல் பார்க்கில் உட்கார்ந்து படித்தேன். அந்தத் தீபாவளி எனக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மை. எவ்வளவு யோசித்தும் நான் சிரித்தது நினைவுக்கு வரவில்லை. அது எனக்கு ஒன்றுமில்லாத ஒரு நாள். உனக்கு அப்படி இல்லை என்று தெரியாமலே உன்னோடு குடித்தனம் செய்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பொங்கல் அன்று எல்லோரும் இருக்கும்போதே அம்மாவிடம் சொன்னேன். "மதி இனிமே கடையில உக்கார மாட்டாம்மா. அவளுக்கு அவ வேலை இருக்கு. நாங்க அடையாறுல வீடு பாத்துக்கப் போறோம்."

நம் சாதிசனத்தில் மூத்த மகன் தனியாகப் போனதில்லை. மகேஷ் கரும்பைக் கடித்தபடியே நின்றுவிட்டான். அம்மா, "ஏம்ல, நான் அவளை முழுங்கிரவா போறேன்?" என்றாள். "நீ இல்லம்மா, நான்தான் வாயைத் தொறக்காம இருந்தேன்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்குக் கிளம்பும்போது, "மருமவ வந்தா ஞாயித்துக்கிழமையாவது இங்க சாப்பிட வருவாளா?" என்று கேட்டாள். அதைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீயே பதில் எழுது, அவளுக்குத் தனியாக.

தை பிறந்துவிட்டதால் காலம் கடத்தவில்லை. இந்திரா நகரில் மாடிப் போர்ஷன். உன் லேபுக்கு நடந்தே போகலாம், நான் நடந்து பார்த்துவிட்டேன். வீட்டுக்காரர் ஷரீஃப் பாய் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஃபேமிலி எப்ப வராங்க?" என்றார். "கேட்டிருக்கேன் பாய்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நீ வரவேண்டும் என்று இதைச் செய்யவில்லை. பொய். வரவேண்டும் என்றுதான் செய்தேன். ஆனால் நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்காக இந்த வீட்டைக் காலி செய்ய மாட்டேன். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம். தீபாவளி முடிந்ததும் கடையை மகேஷிடம் விட்டுவிட்டு நானே அங்கே வந்து இருந்துவிட்டு வருகிறேன். விசாவுக்கு எங்கே வரிசையில் நிற்பது என்று விசாரித்துவிட்டேன்.

தினமும் காலையில் அங்கே போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வருகிறேன். கடல் காற்று நன்றாக வருகிறது. ஸ்டவ் வாங்கி வைத்துவிட்டேன், கேஸும் வந்துவிட்டது. நேற்று ஷரீஃப் பாயின் மனைவி ஷகீலாம்மா, "பால் காய்ச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டு, தானே ஒரு பாக்கெட் கொண்டுவந்து நீட்டினார். வாங்கவில்லை. அது என் வீட்டுக்காரி பற்ற வைக்க வேண்டிய அடுப்பு என்று சொல்லிவிட்டு, முனையில் இருக்கும் கடைக்குப் போய் டீ குடித்தேன்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் மதி. நீ வருகிற வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

உன்,
கனகராஜ்